மூணாக் கிழிஞ்ச பாய்

ஒரு ஊர்ல ஒரு பாய் இருந்துச்சாம்.

என்ன, எந்திரிச்சு உக்காந்துட்டே? எந்தப் பாயா? கேப்பேன்னு தெரியும்டி பவளம். நீ படுத்திருக்கியே, இந்தக் கோரைப் பாய் இல்ல. சைக்கிள் கடை பாயும் இல்ல, அவர் பாவம் கடையைப் பூட்டிட்டு வீட்டுக்குப் போயிட்டார். புலி பாயுது, தண்ணி பாயுதுன்னு சொல்றோமே அதுவும் இல்ல. இது படகுல கட்டுற பாய். மரத்தை நட்டு, கயித்தைக் கட்டி மேல ஏத்துனா, காத்து புஸ்ஸுன்னு உள்ள பூந்து படகைத் தள்ளிக்கிட்டுப் போகுமே, அது. ஏன் எல்லாத்துக்கும் ஒரே பேருன்னு என்னைக் கேக்காத, நான் வச்ச பேரு இல்ல. அந்தக் காலத்துல ஓலையைப் பாய் மாதிரி முடைஞ்சு படகுல கட்டுவாங்களாம், அதனால இருக்கும். இப்போ படு. காலை நீட்டு. அத்தை சொல்லச் சொல்ல 'ம்' போடணும். 'ம்' நின்னுச்சுன்னா கதையும் நின்னுரும்.

நாலு பக்கமும் தண்ணி, நடுவுல ஒரு சின்னத் தீவு. அதுல கோட்டைச்சாமின்னு ஒரு ஆளு. அம்மாவும் அவனும்தான். நண்டு பிடிப்பான். எப்பப் பாத்தாலும் சிரிச்ச முகம். அவன்கிட்ட ஒரு சின்னப் படகு இருந்துச்சு, அந்தப் படகுக்கு ஒரு பாய் இருந்துச்சு. வேலம்பட்டையைக் கொதிக்க வச்சு, அந்தத் தண்ணியில முக்கி முக்கிக் காயப்போட்ட பாய். அப்படி முக்குனாத்தான் உப்புக் காத்துல துணி இத்துப் போகாது. முக்கி முக்கி அது செங்கல் பொடி கணக்கா செவந்து போயிருந்துச்சு. ம்?

ம். அப்புறம் ஒரு ஐப்பசி மாசம் பெரிய காத்து வந்துச்சு. ஹூஊஊன்னு வந்து, படகைச் சுத்திச் சுத்தி ஆட்டி, பாயைப் பிடிச்சு டர்ர்ர்ருன்னு கிழிச்சுப் போட்டுருச்சு. நீளம் நீளமா மூணு துண்டு. கோட்டைச்சாமி எப்படியோ கரைக்கு வந்துட்டான். அம்மா சொன்னாங்க, அய்யா, அதைத் தைக்கக் குடுத்துருன்னு. இவன் நாளைக்குக் குடுக்கலாம்னான். நாளைக்கும் நாளைக்குன்னான். நண்டு பிடிக்கப் பாய் எதுக்கு, கரையோரமா துடுப்புப் போட்டுக்கிட்டுப் போனாப் போதும்ல. நீ வீட்டுப்பாடம் எழுதுற லட்சணம்தான். சிரிக்காத.

அப்போ அந்தத் தீவுல பாய்க்குன்னு ஒரு வழக்கம் இருந்துச்சு. மரத்துல ஏறி நிக்கிற பாய் படகுக்காரனுக்குச் சொந்தம். மரத்தை விட்டு இறங்குன பாய் யார் கேக்குறாங்களோ அவங்களுக்குச் சொந்தம். கேட்டா இல்லேன்னு சொல்லக் கூடாது. குடுத்த பாயை, அது வேலையில இருக்கும்போது பிடுங்கவும் கூடாது. ரொம்ப அவசரம்னா அதே வேலைக்கு இன்னொரு துணியை வச்சிட்டு எடுத்துக்கலாம். வெறுங்கையோட உருவக் கூடாது. தீவுல துணிக்கு அவ்வளவு பஞ்சம், அதனால அப்படி ஒரு வழக்கம்.

அப்புறம் என்ன, மரத்துல இல்லாத பாய்னு தெரிஞ்சதும் ஆளாளுக்கு வந்துட்டாங்க. வெயிலுக்குக் கட்ட ஒரு துண்டு குடு தம்பிங்கிறார் ஒருத்தர். இந்தான்னு குடுத்தான். விரிச்சு உக்கார ஒண்ணு வேணும்ங்கிறார் இன்னொருத்தர். இந்தா. தூளி கட்டணும் அண்ணேன்னு ஒருத்தி வந்தா. இந்தாம்மா. குடுத்துட்டு யாருக்கு எதைக் குடுத்தோம்னும் மறந்துட்டான். எனக்கு அப்படிப்பட்ட ஆளுங்களைக் கண்டாலே எரிச்சலா வரும். ஆனா பிடிக்கும். நீ ஏன்னு கேக்காத, 'ம்' போடு.

இப்போ எதிர்க் கரைக்கு வருவோம். அங்க மாயழகுன்னு ஒரு பெரியவர், அவருக்கு ஒரே பொண்ணு, பேரு பூரணம். போன வருசம் தீவுத் திருவிழாவுக்கு மகளோட வந்தப்ப அவரோட படகு சேத்துல மாட்டிக்கிச்சு. கரையில அத்தனை பேரு நின்னு இப்படித் தள்ளு, அப்படித் தள்ளுன்னு யோசனை சொல்லிக்கிட்டு இருந்தாங்க. கோட்டைச்சாமி மட்டும் தொபுக்கடீர்னு பாய்ஞ்சு கழுத்தளவு சேத்துல நின்னு தள்ளுனான். அதைப் பூரணம் பாத்துட்டா. பாத்துட்டு வீட்டுக்குப் போயி, கட்டுனா அவரைத்தான் கட்டுவேன்னு சொல்லிட்டா.

மாயழகுக்கு மனசே இல்ல. அவருக்கு அக்கா மகன் ஒருத்தன் இருந்தான், வில்லாயுதம்னு பேரு. பெரிய படகு, புத்தம் புது வெள்ளைப் பாய், தலையில வழிய வழிய எண்ணெய். அவனுக்குக் குடுக்கணும்னு இவருக்கு ஆசை. ஆனா பொண்ணு பிடிச்ச பிடியில நிக்கிறா. அதனால சரின்னு ஒத்துக்கிட்டு, ஒரு வார்த்தை சொல்லிட்டார். எங்க வழக்கப்படி மாப்பிள்ளை தன் படகுல, தன் பாயை ஏத்திக்கிட்டு, தன் கையால கூறைச்சேலையைக் கொண்டு வரணும். அடுத்தவன் பாய்ல வந்தா அவனுக்குப் பிழைப்பு இல்லைன்னு அர்த்தம். உச்சி வெயிலுக்குள்ள வந்து சேரலேன்னா வில்லாயுதத்தை மணையில உக்கார வச்சுருவேன்னு சொன்னார். சொன்னதைச் செய்யிற மனுசன். ம்?

ம். கல்யாண நாளும் வந்துச்சு. அம்மாவும் சொந்தக்காரங்களும் முதல் நாளே மாமன் படகுல அக்கரைக்குப் போயிட்டாங்க. விடிஞ்சதும் கோட்டைச்சாமி குளிச்சான், பட்டு வேட்டி கட்டுனான், பட்டுத் துண்டைத் தோள்ல போட்டான், கூறைச்சேலையை ஒரு சின்ன மஞ்சத் துணியில சுத்திக் கக்கத்துல வச்சுக்கிட்டான். ஜம்முன்னு நடந்து வந்து படகுல ஏறி, கயித்தை இழுக்கலாம்னு மேல பாத்தா, மொட்டை மரம் நிக்குது. பாயைக் காணோம். கல்யாணத்துக்குச் சந்தனம் வாங்கணும், மாலை வாங்கணும்னு எல்லாம் ஞாபகம் வந்த மனுசனுக்குப் பாய் ஞாபகம் மட்டும் வரல.

குடுகுடுகுடுன்னு ஓடுனான். ஊருக்குள்ள போயி, என் பாய் எங்க, என் பாய் எங்கன்னு கேட்டுக்கிட்டே போறான். ஒரு துண்டு கிழக்குத் தெருவுல இருக்குன்னாங்க.

அங்க போனா, வலை பின்னுற வீரபத்திரன் அம்மை போட்டுப் படுத்த படுக்கையாக் கிடக்குறார். வீட்டுக்குள்ள புழுக்கம்னு வாசல்ல நாலு கம்பு நட்டு, மேல பாயைக் கட்டி, வேப்பிலையைப் போட்டு அவரைக் கிடத்தியிருக்காங்க. செக்கச்செவேல்னு நிழல் விழுது. கோட்டைச்சாமி கம்புல கையை வச்சான். அப்போ பாய் லேசா விலகி ஒரு கீத்து வெயில் அவர் மூஞ்சியில பட்டுச்சு. ஸ்ஸ்ஸ்னு அவர் கண்ணைச் சுருக்குனார். அவ்வளவுதான், இவன் கையை எடுத்துட்டான். அப்புறம் மடமடன்னு தன் பட்டு வேட்டியை அவுத்தான். நாலு மூலையிலயும் கட்டி மேல போட்டுட்டு, கீழ இருந்த பாயை மெதுவா உருவிக்கிட்டான்.

இப்போ இடுப்புல என்ன இருக்கு? கோவணம். மேல பட்டுத் துண்டு, கீழ கோவணம். போதும்டி, இதுக்கே இப்படி உருண்டா எப்படி. துண்டை எடுத்து இடுப்புல சுத்திக்கிட்டான், விடு.

அப்புறம் ரெண்டாவது துண்டைத் தேடிப் போனான். அது புங்கமரத்தடியில கிடந்துச்சு. அது மேல ரெண்டு கிழவனுங்க. ஒருத்தர் சங்குத் தாத்தா, ஒருத்தர் சிப்பித் தாத்தா. ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, எதுக்குச் சண்டைன்னு அவங்களுக்கே மறந்துருச்சு. ஆனா தினமும் காலையில வந்து எதிரெதிரே உக்காந்து ஆடுபுலி ஆட்டம் ஆடுவாங்க. பாய் மேலயே கரித்துண்டால கோடு கிழிச்சு வச்சிருக்காங்க. சங்கு புலி, சிப்பி ஆடு.

தாத்தா, எந்திரிங்க, எனக்கு இன்னைக்குக் கல்யாணம்னான். ரெண்டு பேரும் நிமிந்துகூடப் பாக்கல. ஆட்டம் முடியட்டும்ங்கிற மாதிரி சங்குத் தாத்தா கையைக் காட்டுனார். சரின்னு நின்னான். சிப்பித் தாத்தா ஒரு ஆட்டைத் தொடுவார், ம்ஹூம்னு கையை எடுப்பார். இன்னொண்ணைத் தொடுவார், ம்ஹூம். வெயில் ஏறிக்கிட்டே போகுது. இவனுக்குக் காலு ரெண்டும் தையா தக்கான்னு ஆடுது. தாத்தா, அந்த மூலை ஆட்டை நகத்துங்கன்னு வாயை விட்டுட்டான். அப்போ ரெண்டு கிழவனுங்களும் சேந்து மொறைச்சாங்க பாரு. குறுக்கே பேசுனதால அந்த ஆட்டம் செல்லாதாம். முதல்ல இருந்து காயை அடுக்குறாங்க.

எனக்கா இருந்தா ரெண்டு பேரையும் பாயோட சுருட்டிக் கடல்ல போட்டிருப்பேன். அவன் என்ன செஞ்சான் தெரியுமா? இடுப்புல இருந்த பட்டுத் துண்டை உருவுனான். பக்கத்துல நிழலாப் பாத்து விரிச்சான். கரித்துண்டை எடுத்துக் குத்த வச்சு உக்காந்து, பளபளன்னு இருந்த பட்டுல சரக் சரக்னு கோடு கிழிச்சான். சங்குத் தாத்தா பாத்தார், சிப்பித் தாத்தா பாத்தார். பட்டு மேல ஆடுபுலி ஆடுற யோகம் யாருக்குக் கிடைக்கும். ரெண்டு பேரும் காயை அள்ளிக்கிட்டு இந்தப் பக்கமா நகந்து உக்காந்துக்கிட்டாங்க. இவன் பாயை வாரிச் சுருட்டிக்கிட்டு ஓடுனான். இப்போ முழுசா கோவணம்தான். சிரிச்சு முடி, நான் இருக்கேன்.

ம்.

மூணாவது துண்டு. இதைக் கொஞ்சம் மெதுவாச் சொல்றேன். அது ராக்குங்கிறவளோட குடிசையில இருந்துச்சு. அவ புருசன் ஆழ்கடலுக்குப் போயிருந்தான். கைக்குழந்தைக்கு ராத்திரி பூரா காய்ச்சல், வீல் வீல்னு அழுது ஊரையே எழுப்பி, விடிஞ்ச பிறகுதான் கண்ணு அசந்திருக்கு. உத்தரத்துல இருந்து பாயைத் தூளியாக் கட்டி, அதுக்குள்ள குழந்தை. கீழ சுவத்துல சாஞ்சபடி ராக்கு. ஒரு கையால தூளியைப் பிடிச்சபடியே வாயைத் திறந்து தூங்குறா. தூளி மட்டும் லேசா ஆடுது, கிரீச் கிரீச்.

கோட்டைச்சாமி வாசல்ல நின்னான். தூளிக்கு மாத்து என்னடி வைக்கிறது? சேலைதான் வைக்கணும். ராக்குகிட்ட மூணாவது சேலை இல்ல, கட்டியிருக்கிறது ஒண்ணு, ஈரமா கொடியில கிடக்குறது ஒண்ணு. இவன்கிட்ட ஒரே ஒரு சேலை இருக்கு. கக்கத்துல.

கூறைச்சேலைடி. அதைக் கொண்டு போகலேன்னா தாலி ஏறாது. பாயைக் கொண்டு போகலேன்னா அக்கரைக்கே போக முடியாது. குழந்தையை எழுப்பி ராக்கு மடியில போட்டுட்டு பாயை உருவிக்கலாம், நிமிச வேலை. யாரும் பாக்கல. ராக்கும் ஒண்ணும் சொல்ல மாட்டா, அவ நல்லவ. அவன் குழந்தையைப் பாத்தான், வெளிய வெயிலைப் பாத்தான், மறுபடி குழந்தையைப் பாத்தான். நெத்தியெல்லாம் வேர்த்து, காய்ச்சல் விட்டுத் தூங்குது. பூரணம் ஞாபகம் வந்துச்சு. அப்படியே உக்காந்து அழுதுருவான் போல இருந்துச்சு. இந்த நேரத்துக்கு அங்க மேளம் கொட்ட ஆரம்பிச்சிருப்பாங்க.

அப்புறம் மஞ்சத் துணியைப் பிரிச்சான். மடிப்புக் கலையாத சேலையை உதறாம விரிச்சு, பழைய தூளிக்குப் பக்கத்துலயே முடிச்சுப் போட்டுக் கட்டுனான். ஒரு கையால குழந்தைக்குத் தலை, ஒரு கையால முதுகு, மூச்சை அடக்கிக்கிட்டு இதுல இருந்து அதுக்கு மாத்துனான். குழந்தை உம்ம்னு முனகுச்சு. இவன் கல்லாயிட்டான். அது தலையைத் திருப்பிக்கிட்டு மறுபடி தூங்கிருச்சு. கிரீச் கிரீச். இவன் ராக்கு கையை மெதுவா விலக்கி, பாயை அவுத்துக்கிட்டுப் பூனை மாதிரி வெளிய வந்தான்.

ம்? முழிச்சுத்தான் இருக்கியா? சரி.

அப்புறம் மூணு துண்டையும் தோள்ல போட்டுக்கிட்டு சிக்கந்தர் பாய் வீட்டுக்கு ஓடுனான். அவர்தான் தீவுல பாய் தைக்கிறவர். பாய் பாயில உக்காந்து பாய் தைச்சுக்கிட்டிருந்தார், நீ வேகமாச் சொல்லு பாப்போம். பாய் பாயில... நாக்கு சுளுக்கிருச்சா? இருக்கட்டும். அவர் இவன் கோலத்தைப் பாத்தார். கையில இருந்த வேலையைத் தள்ளி வச்சிட்டு, பெரிய ஊசியை எடுத்து, முறுக்கு நூலைக் கோத்து, சதக் சதக்னு குத்தி இழுக்குறார். மூணு துண்டையும் ஒண்ணாச் சேத்துட்டார். இது இன்னைக்கு ஒரு நாளைக்குத்தான் தாங்கும் தம்பி, பிறகு நிதானமா தைச்சுக்கலாம்னு சொல்லிப் பல்லால நூலைக் கடிச்சார்.

ஓடி வந்து படகைத் தண்ணியில தள்ளுனான். பாயை ஏத்துனான். ஏத்துனா, படகு நகரவே மாட்டேங்குது. ஏன்னு சொல்லு? எத்தனை நாளா தண்ணி படாமக் காஞ்சு கிடந்த துணி. நூலெல்லாம் விட்டுப் போயி, சல்லடை கணக்கா காத்து இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போயிருது. அதுக்கு என்ன செய்யணும்னா, பாயை நனைக்கணும். நனைஞ்சா நூல் ஊதிக்கும், காத்து வெளிய போக வழி இருக்காது. வழக்கமா அதுக்குன்னு கூட ஒரு ஆள் இருப்பாங்க. இவன் ஒண்டியாள். சுக்கானைக் காலால மிதிச்சுக்கிட்டான், ஒரு கையில கயிறு, ஒரு கையில தண்ணி இறைக்கிற சட்டி. மொண்டு மொண்டு வீசுறான். சளக். சளக். சளக். பாதித் தண்ணி பாய்ல, பாதித் தண்ணி இவன் தலையில. செவப்புப் பாய் கருஞ்செவப்பா ஆயி, விம்மி, புஸ்ஸுன்னு உப்பிக்கிச்சு. அப்புறம் பாரு, படகு பறக்குது.

அக்கரையில பூரணம் விடிஞ்சதுல இருந்து கடலையே பாத்துக்கிட்டு நிக்கிறா. மாப்பிள்ளையோட அம்மா மூக்கைச் சிந்தி அழுவுறாங்க. வில்லாயுதம் மணைக்குப் பக்கத்துலயே பாய் போட்டு உக்காந்து வெத்தலை மென்னுக்கிட்டு இருக்கான். மாயழகு வானத்தைப் பாத்தார், சூரியன் உச்சிக்கு வந்துக்கிட்டே இருக்கு. சரி, வில்லாயுதத்தை மணையில வந்து உக்காரச் சொல்லுன்னு வாயைத் திறக்கப் போறார். அப்போ தூரத்துல ஒரு செவப்புப் புள்ளி. கிட்ட வர வர அது பாய். பாயோட ஒரு பக்கம் ஆடுபுலிக் கோடு.

படகு வந்து தரை தட்டுச்சு. ஆனா மாப்பிள்ளை மேல வர மாட்டேங்கிறான். குதிச்சு, இடுப்பளவு தண்ணியில நின்னுக்கிட்டான். வாங்க வாங்கன்னு கூப்பிடுறாங்க. இருக்கட்டும் இருக்கட்டும்ங்கிறான். எதுக்குன்னு உனக்குத்தான் தெரியுமே.

மாயழகு தண்ணி ஓரத்துக்கு வந்து, கூறை எங்கன்னு கேட்டார். கோட்டைச்சாமி தண்ணியில நின்னபடியே நடந்ததைச் சொன்னான். ஒண்ணையும் மறைக்கல. அம்மை போட்டவருக்கு வேட்டி, கிழவனுங்களுக்குத் துண்டு, குழந்தைக்குக் கூறை. வில்லாயுதம் மட்டும் கெக்கெக்கேன்னு சிரிச்சான், வெத்தலை மூக்குல ஏறி இருமுனான்.

மாயழகு மகளைத் திரும்பிப் பாத்து, "கேட்டியா? இன்னைக்குக் கூறையைக் குடுத்தவன், நாளைக்கு நீ பொங்கி வச்ச பானையைத் தூக்கிக் குடுப்பான்"னார். அவர் சொன்னது தப்பில்லடி. நானா இருந்தா நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

பூரணம் நடந்து வந்தா. கணுக்கால் நனையிற வரைக்கும் தண்ணிக்குள்ள வந்து நின்னா. அவனை நேருக்கு நேரா பாத்துக் கேட்டா.

"குழந்தை முழிச்சுக்கிச்சா?"

"இல்ல. தலையை மட்டும் திருப்பிக்கிட்டுச்சு."

அவ சிரிச்சா. அவன் விடிஞ்சதுல இருந்து அப்பதான் சிரிச்சான். அவ அப்பாகிட்டத் திரும்பி, "பானையைக் குடுத்தா இன்னொரு பானை வச்சுப் பொங்கிக்கிறேன்ப்பா. ஆளை அனுப்பிப் பாயை இறக்கச் சொல்லுங்க, எனக்குக் கட்டிக்க சேலை வேணும்"னா.

மாயழகுக்கு வாய் வரைக்கும் கோபம் வந்துச்சு. ஆனா யோசிச்சுப் பாத்தார். தன் படகுல வந்திருக்கான், தன் பாய்ல வந்திருக்கான், உச்சி வெயிலுக்குள்ள வந்திருக்கான். கூறைன்னு ஒரு துணி, அதுவும் செவப்பா இருக்கு. வாக்குல எங்கயும் ஓட்டை இல்ல. போயி இறக்குங்கடான்னார்.

சிக்கந்தர் பாய் போட்ட தையலைப் பொம்பளைங்க பிரிச்சாங்க. ஒரு துண்டு பொண்ணுக்கு. ஒரு துண்டு மாப்பிள்ளைக்கு, தண்ணிக்குள்ளயே வச்சுக் கட்டிவிட்டு மேல ஏத்துனாங்க. மூணாவது துண்டை ஒரு கிழவி, சும்மா ஏன் கிடக்குதுன்னு பந்தியில விரிச்சுட்டா. பூரணத்துக்குக் கட்டுன பாய் உப்புத் தண்ணி காஞ்சு அப்பளம் மாதிரி விறைச்சுக்கிட்டு நிக்குது. உக்காந்தா மொடமொட, திரும்புனா மொடமொட. ஐயர் மந்திரத்தை விட அந்தச் சத்தம்தான் பெருசாக் கேட்டுச்சாம். முந்தானையில ஆடும் புலியும் இல்லாத வெறும் கட்டம். பாக்க வந்த பொடிசுங்க அவ பின்னாடியே உக்காந்து கூழாங்கல்லை வச்சு ஆட ஆரம்பிச்சிருச்சுங்க. பீப்பீ டும்டும். தாலி ஏறிருச்சு. வில்லாயுதமும் பாயசத்தை மூணு தடவை கேட்டு வாங்கிக் குடிச்சான், அவன் ஒண்ணும் கெட்டவன் இல்ல.

அப்புறம் சாயங்காலம் ஆச்சு. தீவுக்குப் போகணும். பாய் வேணும்ல? ஒண்ணு அவ கட்டியிருக்கா, ஒண்ணு அவன் கட்டியிருக்கான். மூணாவதை எடுக்கலாம்னு போயி பாத்தா, பந்தி முடிஞ்சு நாலு கிழவிங்க அது மேலயே கட்டையைச் சாய்ச்சுட்டாங்க. கொர்ர்ர், கொர்ர்ர். கோட்டைச்சாமி பூரணத்தைப் பாத்தான். அவ, தூங்கட்டும் விடுங்கன்னுட்டா.

வில்லாயுதம் வந்து, என் வெள்ளைப் பாயைக் கட்டிக்கிட்டுப் போங்கன்னு நல்ல மனசோடதான் சொன்னான். வேணாம்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டு ரெண்டு பேரும் படகுல ஏறுனாங்க. ஆளுக்கொரு துடுப்பு. தொளக், தொளக். கொஞ்ச தூரம் போனதும் அவன் கை ஓஞ்சு போச்சு. காலையில இருந்து அந்த ஓட்டம் ஓடியிருக்கான்ல.

அப்போ கரைக்காத்து கிளம்புச்சு. பொழுது சாஞ்சா தரையில இருந்து கடலுக்கு அடிக்குமே, அந்தக் காத்து. பூரணம் துடுப்பைக் கீழ வச்சா. எந்திரிச்சு மொட்டை மரத்துல முதுகைச் சாய்ச்சு நின்னா. முந்தானையை அவுத்து, ரெண்டு கையாலயும் விரிச்சுப் பிடிச்சா. புஸ்ஸ்ஸ். படகு ஒரு துள்ளு துள்ளி, சர்ர்ர்ருன்னு ஓட ஆரம்பிச்சுது. கோட்டைச்சாமி துடுப்பை மடியில வச்சுக்கிட்டு வாயைப் பிளந்து பாக்குறான்.

"என்ன பாத்துக்கிட்டு இருக்கீங்க, ஒரு முனையை வந்து பிடிங்க"ன்னா அவ.

அவன் எந்திரிச்சு வந்தான். சுக்கானைக் காலால மிதிச்சுக்கிட்டு, ஒரு முனையை அவன் பிடிச்சான், ஒரு முனையை அவ பிடிச்சா. தீவு வரைக்கும் அப்படியே போனாங்களாம். கை வலிக்குதான்னு மட்டும் அவ கேப்பாளாம், இல்லம்பானாம். கொஞ்ச நேரம் கழிச்சு கை வலிக்குதான்னு அவன் கேப்பானாம், அவளும் இல்லம்பாளாம். ரெண்டு பேரும் சொன்னது பொய்தான்.

கதை கரை ஏறிருச்சு, காத்தும் அடங்கிருச்சு, கண்ணை மூடித் தூங்குடி.